ஆண்டிமடம் ஜெயசுதாவின் மொய் நோட்டு

என் மனைவி ஜெயசுதா ஒரு எழுத்தாளர். இதைச் சொன்னால் அரியலூரில் பத்தில் எட்டுப் பேர், "பத்திரம் எழுதுறவங்களா சார்?" என்று கேட்பார்கள். மீதி இரண்டு பேர், "அப்ப ஒரு புக்கு குடுங்க, படிச்சிட்டுத் தரோம்" என்பார்கள். பத்திரம் எழுதுகிறவளாக இருந்தால் முதல் எட்டுப் பேராவது காசு கொடுத்திருப்பார்கள்.

என் பெயர் அன்பழகன். எடைமேடையில் வேலை. சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டு போகும் லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். லோடு வண்டியின் எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் சரக்கு. இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரே கழித்தல் கணக்குதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் எதைப் பார்த்தாலும் கழித்துப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. ஜெயசுதாவுக்கு அந்தப் புத்தி கிடையாது. அவள் கூட்டுகிறவள். ஒரு மாமியார் போதும் என்கிற கதையில் இரண்டு மாமியாரை வைப்பாள். கேட்டால், "ஒருத்திகிட்ட இல்லாத கொணம் இன்னொருத்திகிட்ட இருக்குங்க" என்பாள்.

பிறந்த ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில். பிளஸ் டூ வரை படித்தாள். இருபத்தொரு வயதில் என்னைக் கட்டிக்கொண்டு அரியலூர் வந்தாள். வந்த மூன்றாம் வருடம், பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என்னமோ எழுதுகிறாளே என்று எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். நாலு பக்கம் தள்ளிப் பார்த்தேன், அப்போதும் பஸ் வரவில்லை. "பஸ்ஸு எப்ப வரும்?" என்று கேட்டேன். "வந்துட்டா கதை முடிஞ்சிடும்" என்றாள். எனக்கும் இலக்கியத்துக்கும் உள்ள தொடர்பு அன்றைக்கே ஏறக்குறைய முடிந்தது.

ஆனால் அந்தக் கதையைச் சென்னையில் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. மாதத்துக்கு ஆறு குடும்ப நாவல் போடுகிறவர்கள். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்த நேரம் அது. எட்டாயிரம் ரூபாயும் பத்துப் பிரதியும் அனுப்பினார்கள். கூடவே ஒரு தாளும் வந்தது. இந்தக் கதையில் இனிமேல் உனக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது என்பதை ரொம்ப மரியாதையான தமிழில் எழுதியிருந்தார்கள். அவள் அதில் கையெழுத்துப் போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தபோதுகூட அவ்வளவு சீக்கிரம் போடவில்லை.

அப்படிப் பதினாலு நாவல். பெட்ரோல் ஏறியது, பருப்பு ஏறியது, என் தொப்பைகூட ஏறியது. அந்த எட்டாயிரம் மட்டும் கடைசிவரை எட்டாயிரமாகவே இருந்தது. பத்துப் பிரதிகளும் சொந்தக்காரர்களுக்குப் போய்விடும். என் சின்ன மச்சான் வீட்டில் டி.வி. ஸ்டாண்டு ஆடாமல் நிற்பதற்கு அவளுடைய மூன்றாவது நாவல்தான் காரணம்.

எழுத்து சோறு போடாது என்று தெரிந்ததும் அவள் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தாள். முதலாளி கலையரசன் நல்ல மனிதர். சம்பளம் ஏறி ஏறி ஒன்பதாயிரத்தில் நின்றது. பத்து மணி நேரம் நிற்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் அரைமணியில் பத்து நிமிடம் சாப்பாடு, இருபது நிமிடம் எழுத்து. வீட்டுக்கு வந்தால் கால் வீங்கியிருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு அப்போதும் எழுதுவாள். "எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

பிறகு வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கொரோனா வந்தது. பதினைந்தாவது நாவலை அனுப்பியபோது பதிப்பகத்திலிருந்து போன் வந்தது.

"இப்ப யாரும்மா புக்கு வாங்குறாங்க? நீங்க ஒரு முப்பதாயிரம் போட்டீங்கன்னா நாங்க அடிச்சுத் தரோம்."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "ஏங்க, நம்மகிட்ட முப்பதாயிரம் இருக்கா?" என்று கேட்டாள்.

"மூட்டை தூக்குறவன் மூட்டைக்காரனுக்குக் கூலி குடுக்குற ஊரு எது ஜெயா?" என்றேன். அன்றைக்கு நான் பேசியது நியாயம்தான். ஆனால் அதைச் சொன்ன சந்தோஷத்தில் அவள் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு பெண் குரல் கதை வாசிப்பது கேட்டது. யூடியூப். ஜெயசுதா மாவு கரைத்த கையோடு ஜன்னலில் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க அடுத்த வரியை அவளே முணுமுணுத்தாள். அவளுடைய ஒன்பதாவது நாவல். நடுநடுவே மசாலாப் பொடிக்கு விளம்பரம். பதிப்பகம் அதை யாருக்கோ விற்றிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு உடனே போன் போட்டேன். "அதெல்லாம் அப்பவே எழுதிக் குடுத்துட்டாங்களே சார்" என்று அதே மரியாதையான தமிழில் பதில் வந்தது. நான் குதித்துக்கொண்டிருக்க, இவள் சொன்னாள்: "நல்லா வாசிக்கிறாங்க இல்லைங்க? அந்த அழுவுற எடத்த நான்கூட இவ்வளவு நல்லா நெனைக்கல."

அவளுக்கு விடிவு வந்தது எங்கள் மகள் புவனேஸ்வரி மூலமாக. பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது அம்மாவின் போனில் கதை படிக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதில் யார் வேண்டுமானாலும் தினம் ஒரு அத்தியாயமாக எழுதலாம். படிக்கிறவர்கள் பிடித்திருந்தால் ரோஜாப்பூ, பூங்கொத்து என்று காசு கொடுத்து வைப்பார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் மாதச் சந்தா கட்டி முன்கூட்டியே படிப்பார்கள். கம்பெனி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை மாதக் கடைசியில் எழுதியவர் கணக்கில் போடும். அதில் ஏற்கெனவே நாலு ஜெயசுதா இருந்ததால் இவள் ஆண்டிமடம் ஜெயசுதா ஆனாள். காவி கட்டின சாமியாரம்மா பெயர் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை.

இரண்டு மாமியார் வைக்கிற ஆளுக்கு அந்த ஆப் ஏற்ற இடம். பஸ் வரவே வராது. ஒவ்வொரு நாளும் வருகிற மாதிரி ஹாரன் மட்டும் கேட்கும். ஒரே வருடத்தில் ஆறாயிரம் பேர் பின்தொடர ஆரம்பித்தார்கள்.

போன பொங்கலுக்கு அவள் கடை வேலையை விட்டாள். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். அடுத்த பொங்கலுக்குள் எழுத்து வருமானம் கடைச் சம்பளத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். நின்றால் எழுத்து, இல்லையென்றால் மறுபடியும் சேலைப் பிரிவு. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. என் ஒரு சம்பளத்தில் தாங்காது. அவளும் சரி என்றாள். ஆனால் நான் செய்த ஒரு காரியம் அவளுக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை கலையரசனைப் பார்த்து, அவள் இடத்தை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். முன்யோசனை என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. கதைப் பத்திரிகை இல்லை, கல்யாணப் பத்திரிகை. எல்லாம் வாட்ஸ்ஆப்பில். ஜெயங்கொண்டத்தில் யாரோ ஒரு வாசகியின் தங்கைக்குக் கல்யாணம். "அக்கா அவசியம் வந்துடுங்க" என்று ஒரு வரி. இந்த மாதிரி வரியை உலகத்தில் யாரும் நம்பிக் கிளம்ப மாட்டார்கள். ஜெயசுதா கிளம்பினாள். என்னையும் கிளப்பினாள்.

மண்டபத்தில் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. பந்தியில் உட்காரக் கூச்சமாக இருந்தது. மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, "பொண்ணு வூடா, மாப்புள்ள வூடா?" என்று கேட்டார்.

"வாசகி வூடுங்க" என்றாள் ஜெயசுதா.

அவர் எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல், தனியாக ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே எழுதிக்கொண்டார்.

அப்புறம் மீன்சுருட்டிப் பக்கம் ஒரு சடங்கு. அப்புறம் பெரம்பலூரில் ஒரு நிச்சயதார்த்தம். அங்கே எங்களைச் சமையல்காரர் ஆட்கள் என்று நினைத்துப் பின்பக்க வழியைக் காட்டினார்கள். எழுத்தாளர் என்றால் நாலு பேரைப் பார்த்துப் பழக வேண்டும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்துச் சாப்பாடு கிடைத்ததும் ஒரு காரணம். பொய் சொல்லக் கூடாது.

ஐப்பசி முடிந்தது. தீபாவளி வியாபாரம் ஓய்ந்து, பொங்கல் சீசனுக்கு ஆள் எடுக்க வேண்டும் என்று கலையரசன் கேட்டார். "ஞாயித்துக்கெழம சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க அன்பழகன். அவங்க வரலைன்னா வேற ஆளப் போடணும்." நான் வெள்ளிக்கிழமை ஜெயசுதாவிடம் கணக்குக் கேட்டேன். அவள் ஆப்பைத் திறந்து காட்டினாள். பத்து மாதத்துக்கும் சேர்த்து வந்த தொகையைப் பத்தால் வகுத்தால் மாதம் ஒன்பதாயிரத்து நூற்றுச் சொச்சம். கடைச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு அவளுடைய வங்கிக் கணக்கைப் பார்த்தேன். முன்னூற்று எழுபது ரூபாய் இருந்தது.

லோடு ஏறியிருக்கிறது, வண்டியில் சரக்கு இல்லை. எடைமேடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"மீதி எங்க ஜெயா?"

அவள் உள்ளே போய், துணிக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டிருந்தது. உள்ளே கோடு போட்டு, ஊர், பெயர், தொகை. சுத்தமான மொய் நோட்டு. 'கோயம்புத்தூர், தமிழ்மொழி, ரோஜாப்பூ, பத்து ரூபாய்.' பக்கத்திலேயே சிவப்பு மையில், 'திருப்பி வைத்தது, பதினொன்று.' 'ஜெயங்கொண்டம், சிவரஞ்சனி, பூங்கொத்து, ஐம்பது. தங்கை கல்யாணத்தில் திருப்பி வைத்தது, நூற்றொன்று.' எழுதுகிற வாசகிகளின் கதைகளுக்குப் போய் இவள் ரோஜாப்பூ வைத்திருக்கிறாள். எழுதாதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நேரில். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஜிபே. சிங்கப்பூரில் ஒரு வாசகியின் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று தெரிந்து அங்கேயும் அனுப்பப் பார்த்திருக்கிறாள். எப்படி அனுப்புவது என்று தெரியாததால் அந்த வரியில் மட்டும் 'பாக்கி' என்று இருந்தது.

வாசகி பத்து ரூபாய்க்கு ரோஜா வைத்தால் கம்பெனி பிடித்தது போக இவளுக்கு வருவது நாலோ ஐந்தோ. இவள் திருப்பி வைப்பது பதினொன்று. பஸ் செலவு தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாசகர்கள் கூடக் கூட எங்கள் குடும்பம் நஷ்டத்தில் போகும்படியான ஒரு தொழிலை என் மனைவி நடத்தியிருக்கிறாள்.

"ஏன் இப்படிப் பண்ணுன?"

"வெச்சத விடக் கூட வெக்கணும்ல? அதானங்க மொறை."

"இது மொய்யா?"

"பின்ன என்னவாம்? கேக்காமயே வெக்கிறாங்க. பேரு தெரியுது, தொகை தெரியுது. வாங்கிப் போட்டுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

பிறகுதான் ஒரு விஷயம் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாதது. அவளுடைய அப்பா பிச்சைமுத்து ஒருத்தருக்கு மொய் திருப்பி வைக்கவில்லை. முந்திரி காய்க்காத வருடம், கையில் இல்லை. அந்த மனிதர் நோட்டைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கத் தொகையைப் படித்திருக்கிறார். இவள் அப்போது ஏழாவது. புத்தகப் பையோடு வாசலில் நின்றிருக்கிறாள். "எங்கப்பா அன்னிக்கு முழுக்க வூட்ட வுட்டு வெளியவே வரலைங்க. என் வாசல்ல யாரும் அப்படி நோட்டோட வந்து நின்னுடக் கூடாது."

நான் கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும். கழித்தல் புத்தி விடவில்லை. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். ஒனக்குத் தர வேண்டிய பதிப்பகத்துக்காரன் பேரு இந்த நோட்டுல எங்கயாச்சும் இருக்கா? அவன் ஒரு கதையை ரெண்டு தடவை வித்துருக்கான். அவன வுட்டுட்டு, ரோசாப்பூ வெச்சவளுக்கு ஓடுற" என்றேன்.

"நீங்க எதையுமே காசாத்தான் பாப்பீங்க" என்றாள். அதோடு நான் சொன்னதெல்லாம் கஞ்சன் பேச்சாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, "ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். நான் கடைக்கே போயிடறேங்க. பாக்கி இருக்குற மூணு விசேஷத்தையும் முடிச்சிட்டா நோட்டு தீந்துடும். அப்புறம் எழுதல" என்றாள். நடுவில் நிற்கிற கதை என்ன ஆகும் என்று கேட்டேன். நோட்டைத் துணிக்கு அடியில் வைக்கப் போய்விட்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அதே நேரம், இடத்தைப் பிடித்து வைத்தது நல்லதாகப் போயிற்று என்றும் உள்ளே ஒரு எண்ணம் ஓடியது. அந்த எண்ணத்துக்காக இப்போதும் எனக்கு வெட்கம்.

வெள்ளி மாலை ஒன்று, சனி ஒன்று என்று இரண்டு விசேஷம் முடிந்தன. அவள் வியாழக்கிழமை போட்ட அத்தியாயத்துக்குப் பிறகு கதை அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. செட்டிகுளத்தில் பாப்பாயி என்கிற வாசகி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார். அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கே டவுன் பஸ் மாறிச் செட்டிகுளம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் கவர் வாங்கி, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததிலிருந்து ஐநூற்றொரு ரூபாய் போட்டு, மேலே 'ஆண்டிமடம் ஜெயசுதா, அரியலூர்' என்று அழகாக எழுதினாள். நோட்டில் கடைசி வரி அதுதான்.

புது வீடு தெருக் கோடியில் இருந்தது. இரண்டு அறை, மேலே தளம், வாசலில் வாழை மரம். சுவரில் பச்சை பெயிண்டு இன்னும் காயவில்லை. பின்பக்கம் வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறை. பால் காய்ச்சி முடித்து, பந்தலில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. வந்தவர்களெல்லாம் வழக்கப்படி ஒவ்வொரு அறையாகப் புகுந்து, சுவரைத் தட்டி, ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொய் மேசை வாசலிலேயே இருந்தது. ஜெயசுதா கவரை நீட்டினாள். எழுதுகிறவர் பெயரைப் படித்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: "பாப்பாயி அக்கா, ஒங்க கதைக்காரம்மா வந்துருக்காங்க."

பாப்பாயிக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். புதுச் சேலை, கையில் சாம்பார்க் கரண்டி. நேராக வந்து ஜெயசுதாவுக்கு எதிரில் நின்றார்.

"நீதானா ஆண்டிமடம் ஜெயசுதா?"

"ஆமாங்க்கா."

"மூணு நாளா எங்க போயிட்ட?"

ஜெயசுதா திகைத்தாள். "விசேஷமெல்லாம் இருந்துச்சுங்க்கா. இந்தாங்க, மொய்யி."

"எதுக்கு மொய்யி? நீ யாரு எனக்கு, மாமன் மவளா?"

"நீங்க எனக்கு வெச்சீங்கல்லக்கா, ரோசாப்பூ. மாசா மாசம் சந்தா வேற. எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

பாப்பாயி என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தப் பொண்ணு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தாங்க்கா இருக்கு. மொய் விசயத்துல மட்டும் இப்படி" என்றேன்.

அவர் கரண்டியை மொய் மேசை மேல் வைத்தார். எழுதுகிறவர் நோட்டை அவசரமாக நகர்த்திக்கொண்டார்.

"இந்தா பாரு ஆயி. நான் வெங்காயத்துல தாள் அறுக்கப் போறவ. மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி. சாயந்தரம் கூலிய வாங்கி முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வூட்டுக்கு வரேன். அதத் திருப்பிக் கொண்டுபோயி காட்டுக்காரருக்கு மொய் வெக்கிறேனா? நாங்க பன்னண்டு பேரு உக்காந்து அறுப்போம். ஒரு மணி நேரம் குனிஞ்சா இடுப்பு கழண்டுடும். அப்ப என் மவ ஒன் கதைய சத்தமாப் படிப்பா. கேட்டுக்கிட்டே அறுத்தா மூட்டை போறதே தெரியாது. பன்னண்டு பேரும் சேந்து போட்ட காசு அது. மொய்யில்ல, கூலி. நீ வேலை பாத்த, நாங்க குடுத்தோம், அங்கயே தீந்துபோச்சு. ஒனக்கும் எனக்கும் ஒரு பாக்கியும் இல்ல."

பாப்பாயி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னார்.

"பாக்கின்னு பாத்தா மூணு நாள் கதைதான் பாக்கி. அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க வெச்சிட்டுப் போயிட்ட. உள்ள போனாளா, இல்லையான்னு தெரியாம வெள்ளிக்கெழமையிலேருந்து பன்னண்டு பேரும் வேலையே ஓடாம கெடக்குறோம். கூலிய வாங்கிக்கிட்டு வேலைக்கு வராம, பால் காய்ச்சுற வூட்டுல வந்து நிக்கிற. இது நல்லாருக்கா?"

இதையேதான் நான் வெள்ளிக்கிழமை சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் அதைச் சொல்லவில்லை. கொடுக்காதே என்று சொன்னேன். அது உன் கூலி என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

பாப்பாயி கவரைப் பிரித்து, பணத்தை எடுத்து ஜெயசுதாவின் கையில் வைத்து விரல்களை மடக்கினார். காலிக் கவரைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "ஒன் கையால பேரு எழுதியிருக்குல்ல, இது எனக்கு இருக்கட்டும்."

ஜெயசுதாவின் கண் கலங்கிவிட்டது. அவள் அழுகிற ஆள் இல்லை, அழ வைக்கிற ஆள். "அக்கா, போன்ல சார்ஜ் போடணும். ஒரு எடம் கெடைக்குமா?" என்று கேட்டாள்.

புது வீட்டின் உள் அறையில் ஃபேனைப் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த அறையில் இன்னும் யாரும் உட்காரக்கூட இல்லை. ஜெயசுதா போனைச் சுவரில் செருகி, ஒயர் எட்டுகிற அளவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டை விரலால் எழுத ஆரம்பித்தாள். பாப்பாயி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

நான் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தேன். மொய் வைக்காமல் சாப்பிடுவது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது வீடு பார்க்க ஒரு கூட்டம் வந்திருந்தது. நாலைந்து பெண்கள், கூட ஒரு பெரியவர். முன் அறையைப் பார்த்துவிட்டு உள் அறைக் கதவைத் தள்ளப் போனார்கள். பாப்பாயி கையை நீட்டி மறித்தார்.

"அந்த ரூம அப்பறம் பாக்கலாம் மாமா. உள்ள ஒரு பொண்ணு வேலையில இருக்கு."

நான் வாழை மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டேன். இருபது வருடமாக ஜெயசுதா எழுதுகிறாள். என் அம்மா வந்தால், "அவ என்னமோ கிறுக்கிட்டு இருக்கா" என்பேன். நண்பர்கள் வந்தால், "சும்மா பொழுது போகலைன்னு" என்பேன். உப்பு வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு எழுதியபோதெல்லாம் நான் சொன்னது வேண்டாத வேலை. ஒருநாளாவது நான் ஒருத்தரையும் கதவுக்கு வெளியே நிறுத்தியதில்லை. அறைக்குள்ளிருந்து சத்தமே இல்லை, ஃபேன் ஓடுவதைத் தவிர.

நாலு மணிக்கு என் போன் அடித்தது. கலையரசன்.

"என்ன அன்பழகன், நாளையிலேருந்து வராங்கல்ல? எடத்த வெச்சிருக்கேன்."

"இல்ல சார். வேற ஆளப் போட்டுக்குங்க. வருசம் பூரா எடத்தப் புடிச்சு வெக்கச் சொன்னது என் தப்பு."

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாருக்கு சார்" என்றேன். "வேலையில இருக்காங்க."